ஆறு செரிக்கக்கூடியவை

பனிக்காலத்துக்கு ஒரு பெண்ணுரு உண்டு எங்கள் ஊரில்.
மஜன்னா என்று பேர்.
வசந்தம் பிறக்கும் நாளில் அவளை
ஆற்றில் எறிந்துவிட்டு வரவேண்டும்.
எறிவதற்கு முன் செய்யவேண்டும்.
செய்கிறவர்களுக்கு ஐந்து வயது.

வைக்கோல், முயல் தீனி விற்கும் கடையில் வாங்கியது.
ஒரு மூட்டை. அதில் பாதி தரையில்,
கால்வாசி லிலியானாவின் தலைமுடியில்.
எலும்புக்குக் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு குச்சி.
சணல் முடிச்சு மட்டும் என்னுடையது,
மற்றதெல்லாம் அவர்கள்.

இக்னாத்ஸி இடதுகைக்காரன்.
கத்தரிக்கோல் அவன் சொல்பேச்சு கேட்பதில்லை.
பாவாடைக்கு அவன் வெட்டிய காகித விளிம்பு
எலி கடித்ததுபோல் இருந்தது.
"அலை" என்றான்.
அலை என்றே ஒட்டினோம்.

கலினா ஒரு காலை முழுக்க
பசையை விரலில் காயவிட்டுக் காயவிட்டு
தோலாய் உரித்துக்கொண்டிருந்தாள்.
அதையும் கைவேலை என்றே
குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

நகராட்சியிலிருந்து ஒரு கடிதம்:
பிளாஸ்டிக் கூடாது, ஜிகினா கூடாது, பொத்தான் கூடாது,
ஆறு செரிக்காத எதுவும் கூடாது.
ஆகவே கன்னத்துக்குப் பீட்ரூட் சாறு.
கழுத்துக்கு முட்டையோட்டு மாலை,
கோத்ததைவிட நொறுங்கியதே அதிகம்.
கண்ணுக்கு அடுப்புக்கரி.

கண்ணைக் கடைசியில் வைக்கலாம் என்றேன்.
ஏன் என்றார்கள். தெரியவில்லை.
வைத்த பிறகு தெரிந்தது.
அதுவரை சந்தையாய் இரைந்த அறை
சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு நாற்காலி.
பத்து மணிக்குப் பாலும் பன்னும் வரும்போது
அவள் முன்னும் ஒரு கோப்பை.

க்னியெவ்கோதான் கேட்டான்:
"இவள் செய்த தப்பு என்ன?"
நாலு மாதம் பனி கொட்டினாளே, என்றேன்.
"அதில்தானே சறுக்கினோம்."
மூன்று மணிக்கே இருட்டாக்கினாளே.
"அதற்குத்தானே விளக்கு செய்தோம், காகிதத்தில்."
காய்ச்சல் வந்ததே உனக்கு?
யோசித்தான்.
"அது டாக்டரிடம் சொல்லவேண்டியது."

பதினேழு வருட வேலையில்
நான் வாயடைத்துப்போன நாள்கள் கொஞ்சம்.
அன்று ஒன்று.

மார்ச் இருபத்தொன்று. விடிந்ததும் பனி பெய்தது,
இன்னும் முடியவில்லை என்பதுபோல.
நீளக் கயிற்றைப் பிடித்தபடி இருபத்திரண்டு பேர்
சான் ஆற்றுப் பாலத்துக்கு நடந்தோம்.
என் தோளில் மஜன்னா. அவள் தலையில் நிஜப் பனி.
ஒரு பேருந்து நின்று வழிவிட்டது.
ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார்.
கேலியா மரியாதையா,
முகத்தில் எழுதியிருக்கவில்லை.

எறிந்தேன்.
மூழ்கவில்லை.
மல்லாந்து வானம் பார்த்தபடி,
எலி கடித்த அலைகள் விரிய,
அவசரமே இல்லாமல் போனாள்.
அப்போதுதான் கண்டேன்,
குச்சிக் கையில் ஒரு நீலக் கையுறை.
சுத்தக் கம்பளி. நகராட்சி விதிப்படி
குற்றம் சொல்ல வழியில்லை.
க்னியெவ்கோவின் வலது கை
சட்டைப்பைக்குள் ஆழமாய் இருந்தது.

திரும்பிப் பார்க்காமல் வீடு சேரவேண்டும்,
பார்த்தால் நோய் வரும், அதுதான் வழக்கம்.
இருபத்திரண்டு தலையும் திரும்பின.
என்னுடையதும்.

மதியம், மாலைக்கு ஆகாத முட்டையோடுகளில்
ஈரப் பஞ்சு திணித்துக் கீரை விதை தூவினோம்.
பாதி விதை மேசையில். ஒன்று டிமோனின் மூக்கில்.
அதை எடுக்கக் கால்மணி நேரம்.

"அவள் எங்கே போய்ச் சேருவாள்?"
சான் போய் விஸ்துலாவில் விழும்,
விஸ்துலா கடலில்.
"அங்கே குளிருமா?"
குளிரும்.
"ஒரு கைக்காவது இருக்கிறது" என்றான்
விதையிலிருந்து கண்ணெடுக்காமல்.

மாலை அழைத்துப்போக வந்த அவன் அப்பா
அலமாரியைத் துழாவிவிட்டு
"இன்னொன்று எங்கே?" என்றார் என்னிடம்.
நான் பசைப் புட்டிகளை மூடிக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொன்றாக,
மிகவும் கவனமாக.